.375 ரைபிளில் பீப் சைட்: அடி மேலே விழுகிறது, மங்கலில் துளை இருட்டுகிறது. வழி சொல்லுங்கள்

கல்லிடை லிம்போபோ:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. வேலை தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் ஒரு வேட்டைப் பண்ணையில். அங்கே ஆப்பிரிக்க எருமை வேட்டை சட்டப்படி, அனுமதிச்சீட்டோடு நடக்கிறது. வேட்டைக்கு வந்தவர் சுட்டு, எருமை காயத்தோடு முள்ளுக்காட்டுக்குள் நுழைந்துவிட்டால், தடம் பார்த்துப் போய் அதை முடிக்கிற ஆட்களில் நானும் ஒருவன். ரைபிள் அந்த நாட்டு லைசென்ஸில் என் பெயரில் இருக்கிறது, இப்போது அங்கேயே பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கிறது. பங்குனி உத்திரத்துக்குச் சாத்தா கோயிலுக்கு வந்தேன். குளிர்காலச் சீசன் தொடங்குமுன் திரும்பணும், அதற்குள் வேண்டிய பாகங்களுக்கு ஆர்டர் போட்டுவிட நினைக்கிறேன்.

ரைபிள் பழைய பிர்னோ 602. தோட்டா .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், குண்டின் எடை 300 கிரெயின். குழல் மேல் உள்ள பின்சைட்டின் வி பள்ளம் இப்போது எனக்குக் கலங்கித் தெரிகிறது, வயது ஐம்பதை நெருங்குகிறது. இதே ரகத்தில் இன்னும் பழைய துப்பாக்கிகளில் பின்பாலத்துக்குள்ளேயே (போல்ட் ஓடும் உடலின் பின்பகுதி) எழும்பி நிற்கும் பீப் (துளை வழியாகப் பார்க்கும் பின்சைட்) ஒன்று உண்டு, என்னுடையதில் இல்லை. அதனால் பின்பாலத்தின் மேல் தனியாக ஒரு பீப் மாட்டினேன்.

இப்போது மூன்று தொல்லை. 50 மீட்டரில் அடி, அதாவது குண்டு படும் இடம், குறிக்கு 15 சென்டிமீட்டர் மேலே விழுகிறது. பீப்பை அடிமட்டம் வரை இறக்கியாச்சு, இனி இறங்க இடமில்லை. அடுத்தது, பொழுது சாயும்போது மோபேன் மரக்கூட்டத்துக்குள் நின்றால் துளைக்குள் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரிவதில்லை. மூன்றாவது எனக்குப் புரியவே இல்லை. சாயங்காலம் சுட்டால் அடி கொஞ்சம் வலப்பக்கம் போகிறது, காலையில் சுட்டால் இடப்பக்கம், உச்சிப்பொழுதில் நேராக விழுகிறது.

காயம்பட்ட எருமை பத்து மீட்டரில் திரும்பி வரும்போது இதையெல்லாம் யோசிக்க நேரம் கிடையாது. எனக்கு மட்டும் இல்லை, முன்னால் தடம் பார்த்து நடக்கிறவர் உயிரும் இதில் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வள்ளியூர் சுபேதார்:

தம்பி, முதலில் சில கேள்விகள். 15 சென்டிமீட்டர் மேலே விழுவது ஒரே கூட்டமாக விழுகிறதா, சிதறி விழுகிறதா? மணல் மூட்டையில் கையை வைத்துச் சுட்டதா, குழலையே மூட்டையில் வைத்ததா? பழைய வி இலை (வி பள்ளம் வெட்டிய பின்சைட் தகடு) குழலில் இன்னும் நிற்கிறதா? பீப்புக்கும் குழல் நுனியில் முன்சைட்டாக இருக்கும் முன்மணிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்? முன்மணி எந்த மாதிரி? சுடும் இடம் எந்தத் திசை பார்த்து இருக்கிறது?

கல்லிடை லிம்போபோ:

கூட்டமாகத்தான் விழுகிறது அண்ணாச்சி, மூன்று குண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும். மூட்டையில் கைதான் இருந்தது, குழல் படவில்லை. வி இலை நிற்கிறது. பீப் முதல் முன்மணி வரை 800 மில்லிமீட்டர், அளந்து எழுதி வைத்திருக்கிறேன். முன்மணி உருண்டையான வெள்ளை மணி, 2.5 மில்லிமீட்டர். வடக்குப் பார்த்துச் சுடுகிறோம்.

வள்ளியூர் சுபேதார்:

சரி. கூட்டம் நன்றாக இருக்கிறது என்றால் உங்கள் கையிலும் கோளாறு இல்லை, தோட்டாவிலும் இல்லை. சைட்டின் உயரம்தான் பொருந்தவில்லை.

பழைய முன்மணி, குழல் மேல் தாழ்வாக உட்கார்ந்திருக்கும் வி இலைக்குக் கணக்குப் பண்ணி வைத்தது. பின்பாலத்தில் மாட்டும் பீப் அதைவிட உயரத்தில் நிற்கும். பின்னால் உயர்ந்தால் அடி உயரும், முன்னால் உயர்ந்தால் அடி தாழும். ராணுவ சர்வீஸில் எஸ்.எல்.ஆர். ரைபிளை ஜீரோ பண்ணும்போது, அதாவது அடி குறியில் விழும்படி சரிசெய்யும்போது, ஃபோர்சைட் என்கிற முன்சைட்டைத் திருகி ஏற்றி இறக்குவோம், அதே விதிதான். பழைய .303 ரைபிளுக்கு ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) பெட்டியில் வெவ்வேறு உயரத்தில் ஃபோர்சைட் தகடுகள் இருக்கும்.

கணக்கு இது. அடி விலகிய தூரத்தை இரண்டு சைட்டுக்கும் நடுவே உள்ள நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்கணும். எல்லாம் மில்லிமீட்டரில். 150 பெருக்கல் 800, வகுத்தல் 50,000. வருவது 2.4. அதாவது முன்மணி இப்போது இருப்பதைவிட 2.4 மில்லிமீட்டர் உயரமாக வேண்டும்.

ஆனால் அளவெடுத்து 2.4 வாங்காதீர்கள். 3 மில்லிமீட்டர் கூடுதலானதை வாங்குங்கள். அப்போது அடி நாலு சென்டிமீட்டர் அளவு கீழே போகும், பீப்பை 0.6 மில்லிமீட்டர் ஏற்றினால் நடுவுக்கு வந்துவிடும். அடிமட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்கிற பீப்பை வைத்துக்கொண்டு வேறு எடைக் குண்டுக்கு மாறினால் மறுபடி இதே பாடுதான்.

வி இலையைக் கழற்றிவிடுங்கள், கழற்ற முடியாவிட்டால் மடக்கி வையுங்கள். துளை வழியாகப் பார்க்கும் கண்ணுக்கு நடுவில் இன்னொரு பள்ளம் தெரிந்தால், அவசரத்தில் மணியைக் கொண்டுபோய் அதில் உட்கார வைத்துவிடும்.

நம் பக்கத்தில் பீப் சைட்டைப் பார்த்து நிறையப் பேர் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் இரண்டாம் உலகப்போரில் .303 வகையின் நம்பர் 4 ரைபிளுக்குத் துளை சைட்டை வைத்தது. நம் நாட்டு இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் தொடர்ந்து செய்தது பள்ளம் வெட்டிய பழைய நம்பர் 1 ரகம். நம் போலீசார் தலைமுறை தலைமுறையாகப் பழகியதும் அதில்தான். ஜமீன்தார்கள் வாங்கிய வேட்டைத் துப்பாக்கிகளிலும் விரிந்த வி தான். துளை என்றாலே மைதானத்தில் படுத்துக்கொண்டு சுடுவதற்கு என்ற எண்ணம் அப்படி வந்தது. எஸ்.எல்.ஆரிலும் துளை சைட்தான், அதைப் பிடித்தவன் யாரும் அப்படிச் சொல்ல மாட்டான்.

பாளை பத்து மீட்டர்:

அண்ணாச்சி, நான் ஏர் ரைபிள் சுடுகிறவள். எருமைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் துளையோடுதான் என் பொழுது போகிறது. இரண்டாவது தொல்லைக்கு நான் சொல்கிறேன்.

உங்கள் பீப்பில் திருகி எடுக்கிற மாதிரி ஒரு வட்டத் தகடு இருக்கும், அதன் நடுவில் சின்னத் துளை. எவ்வளவு என்று பாருங்கள், 2 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கலாம். எங்கள் போட்டியில் அதையும்விடச் சிறிதாக, ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வைப்போம். காரணம், அங்கே விளக்கு வெளிச்சம் நிறைய, நேரமும் நிறைய. சின்னத் துளையில் முன்சைட்டும் இலக்கும் இரண்டுமே தெளிவாகத் தெரியும். அதற்கு விலை வெளிச்சம். மங்கலில் கண்மணி 5 மில்லிமீட்டர் விரிகிறது என்று வையுங்கள், 2 மில்லிமீட்டர் துளை அதில் ஆறில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். இருட்டாமல் என்ன செய்யும்?

அந்தத் தகட்டைக் கழற்றிவிடுங்கள். மிச்சம் இருக்கும் மரைத் துளையே போதும். விளிம்பு மெலிதாக இருந்தால் அந்த வளையம் கண்ணுக்கு மறைந்தே போகும், அதைத்தான் கோஸ்ட் ரிங் என்கிறார்கள். வளையத்தைப் பார்க்கவே கூடாது. அதன் வழியாகப் பார்த்து, மணியில் மட்டும் கண்ணை நிறுத்தணும். மணியை நடுவில் கொண்டுவருவதைக் கண் தானாகவே செய்துகொள்ளும்.

பெரிய துளை என்றால் குறி கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். சுபேதார் ஐயா சொன்ன கணக்கையே திருப்பிப் போடுங்கள். மணி நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினாலும் 50 மீட்டரில் 3 சென்டிமீட்டர்தான் தவறும். எருமையின் நெஞ்சுக்கூட்டுக்கு இது ஒரு தவறே இல்லை.

இன்னொன்று, இதை யாரும் இன்னும் சொல்லவில்லை. பீப் உயர்ந்தால் கண்ணும் உயரணும். உங்கள் துப்பாக்கியின் மரக்கட்டை, வி இலைக்குத் தோதாகச் செய்தது. இப்போது கன்னத்தைக் கட்டையில் பதிய வைத்தால் கண் துளைக்குக் கீழே நிற்கும், கழுத்தை நீட்டித்தான் பார்ப்பீர்கள். சோதித்துப் பாருங்கள். அறையில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தை வைத்து, கண்ணைத் திறங்கள். மணி வளையத்துக்குள் நிற்கணும். நிற்கவில்லை என்றால் கட்டையில் தோல் பட்டை கட்டிக் கன்னம் வைக்கும் இடத்தை உயர்த்துங்கள். பத்து மீட்டரில் வரும் விலங்குக்கு சைட்டைவிட இதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆலங்குளம் விண்ட்ஹூக்:

நமீபியாவில் இருக்கிறேன். சொல்வதற்கு மன்னிக்கணும், பீப் எதற்கு? ஒன்று முதல் நான்கு பவர் வரை போகும் சின்ன ஸ்கோப்பை, கையாலேயே கழற்றும் மவுண்டில் மாட்டுங்கள். மந்தையில் எருமை நிற்கும்போது நடுவில் இருக்கும் சுள்ளி வெறும் கண்ணுக்குத் தெரியாது. குண்டு அதில் பட்டுத் திரும்பித்தான் காயம்பட்ட எருமையே உருவாகிறது. சிறுத்தைக்கு மங்கலில் காத்திருக்கிறவரிடம் பீப்பைக் கொடுத்துப் பாருங்கள், திருப்பித் தந்துவிடுவார்.

வள்ளியூர் சுபேதார்:

முதல் குண்டு போடுகிறவருக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சிறுத்தைக்கும் சரி. ஆனால் இந்தத் தம்பி முதல் குண்டு போடுகிறவர் இல்லை. கை நீட்டினால் முள் குத்துகிற இடத்தில் குனிந்து நடக்கிறவர். அங்கே எடை குறைவாக, கொடியில் மாட்டாமல், கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொள்ளும்படி இருப்பதுதான் வேண்டும்.

கல்லிடை லிம்போபோ:

இரண்டும் வைத்துக்கொள்ளலாமா என்று நானும் யோசித்தேன். பிர்னோவில் ஸ்கோப் வளையம் உட்காருகிற பின்பாலத்தில்தான் பீப்பும் உட்காருகிறது. ஒன்றைக் கழற்றினால்தான் இன்னொன்று. காட்டுக்குள் அதைச் செய்துகொண்டிருக்க முடியாது. என் வேலைக்குப் பீப்தான்.

களக்காடு வாழைத்தோட்டம்:

நடுவில் ஒரு கேள்வி. என் தோட்டத்தில் பன்றி அட்டகாசம் தாங்க முடியவில்லை, ஒரு ராத்திரியில் கன்று முழுவதையும் கிளறிப் போட்டுவிடுகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கிய தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. இந்த மாதிரி சைட் அதற்குப் பொருந்துமா?

வள்ளியூர் சுபேதார்:

சைட் பொருந்தலாம் அண்ணாச்சி, சுடத்தான் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பன்றிக்கும் உண்டு. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியைச் சுட 2025 தொடக்கத்தில் தமிழக அரசு வழி செய்தது, அதுவும் வனத்துறை ஊழியர் கையால்தான். உங்கள் தோட்டம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் காலடியில் இருக்கிறது. வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள், நஷ்ட ஈட்டுக்கும் சேர்த்து. அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) வைக்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், அதைக் கடித்து வாய் சிதறிச் சாவது பன்றி மட்டும் இல்லை.

இப்போது தம்பியின் மூன்றாவது தொல்லை. வடக்குப் பார்த்துச் சுடுகிறீர்கள். சாயங்கால வெயில் இடப்பக்கத்திலிருந்து மணியில் விழுகிறது. உருண்டை வெள்ளை மணி என்பதால் இடப்பாதி மட்டும் பளபளக்கும், வலப்பாதி நிழலில் மறையும். கண் பளபளக்கிற பாதியையே முழு மணி என்று எடுத்துக்கொண்டு அதை இலக்கில் வைக்கும். குழல் வலப்பக்கம் நிற்கும், அடியும் அங்கே போகும். காலையில் வெயில் வலப்பக்கம், அடி இடப்பக்கம். அடி எப்போதும் வெளிச்சத்தை விட்டு விலகியே போகும்.

புது முன்மணி வாங்கும்போது முகம் தட்டையான மணியாகக் கேளுங்கள். உருண்டையாக வேண்டாம். பருமனைக் கூட்டவும் வேண்டாம். 2.5 மில்லிமீட்டர் மணியே உங்கள் கண்ணிலிருந்து பார்த்தால் 50 மீட்டரில் 14 சென்டிமீட்டர் இடத்தை மறைக்கும், மங்கலில் கண்ணில் படவும் போதும்.

கல்லிடை லிம்போபோ:

3 மில்லிமீட்டர் உயரம் கூடிய, தட்டை முக வெள்ளை மணிக்கு ஆர்டர் போட்டாச்சு. தோல் பட்டை இங்கே அம்பையிலேயே ஒரு செருப்புத் தைக்கிறவரிடம் அளவு சொல்லித் தைத்து வாங்கினேன். பாளைத் தங்கச்சிக்குத் தனியாக நன்றி, கன்னம் விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது. சுட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கல்லிடை லிம்போபோ (மே மாதம்):

லிம்போபோ வந்து சேர்ந்து சுட்டுப் பார்த்தேன். சுபேதார் அண்ணாச்சி சொன்ன மாதிரியே முதலில் கொஞ்சம் கீழே விழுந்தது, பீப்பை ஏற்றினதும் 50 மீட்டரில் நடுவில் உட்கார்ந்துவிட்டது. 100 மீட்டரில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு இறங்குகிறது, போதும். காலை, சாயங்காலம் இரண்டிலும் அடி ஒரே இடத்தில் விழுகிறது. தகட்டைக் கழற்றினதில், வெளிச்சம் குறைந்த பிறகும் கறுப்பு அட்டையில் வெள்ளை மணி தெரிகிறது.

மிச்சம் இருப்பது ஒன்று. .375-இன் உதை பலமானது, பீப்பின் திருகுகள் நாளடைவில் தளருமோ என்று கவலையாக இருக்கிறது. முன்மணிக்கு மேல் மூடும் வளையத்தைப் போடலாமா?

வள்ளியூர் சுபேதார்:

திருகுகளைக் கழற்றி எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நீல நிறப் பூட்டுப் பசை ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்ற முடியாது. காய்ந்த பிறகு திருகின் தலையிலிருந்து பீப்பின் உடல் வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்து விடுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். காட்டுக்குப் புறப்படும் ஒவ்வொரு காலையிலும் அதைப் பாருங்கள். கூடவே துளையை வாயால் ஊதுங்கள், புல் விதையும் சேறும் அடைத்துக்கொள்ளும்.

மூடும் வளையம் வண்டியில் போகும்போது மணிக்குப் பாதுகாப்பு. வண்டியை விட்டு இறங்கினதும் கழற்றிப் பையில் போடுங்கள், மங்கலில் அது மணிக்கு வர வேண்டிய வெளிச்சத்தைத் தடுக்கும்.