காணாமல் போன பட்டன்கள்: லேஅவுட் மேனேஜரோடு உங்கள் அனுபவம் என்ன?

நானே தொடங்கி வைக்கிறேன். ஜாவாவில் விண்டோ, பட்டன் எல்லாம் செய்ய உதவும் ஸ்விங் தொகுப்பைப் படிக்க ஆரம்பித்த முதல் வாரம். ஒரு ஜேஃபிரேம், அதாவது ஒரு விண்டோ, அதில் வரிசையாக மூன்று பட்டன்கள் சேர்த்தேன். ஓடவிட்டுப் பார்த்தால் விண்டோ முழுக்க அடைத்துக்கொண்டு ஒரே ஒரு பட்டன், அதுவும் மூன்றாவது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஒரு மாலை முழுக்க நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எது எங்கே, எந்த அளவில் என்று முடிவு செய்வது லேஅவுட் மேனேஜர். ஜேஃபிரேமுக்கு இயல்பாக இருப்பது போர்டர்லேஅவுட் என்ற மேனேஜர் என்பது பிறகுதான் தெரிந்தது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு என்று ஐந்து இடங்கள். எந்த இடம் என்று சொல்லாமல் சேர்த்தால் எல்லாம் நடுவுக்குப் போகும். ஓர் இடத்தில் ஒன்றுக்குத்தான் இடம். கடைசியாக வந்தது உட்கார்ந்துகொள்ளும். அதே மூன்றையும் ஒரு ஜேபேனலில் (விண்டோவுக்குள் வைக்கும் பெட்டி) போட்டிருந்தால் சமர்த்தாக வரிசையில் நின்றிருக்கும், ஏனென்றால் அதற்கு இயல்பு, வரிசையாக அடுக்கும் ஃப்ளோலேஅவுட்.

எரிச்சலில் லேஅவுட்டே வேண்டாம் என்று நல் (‘எதுவும் இல்லை’) போட்டுவிட்டு, இடத்தையும் அளவையும் கையால் வைக்கும் செட்பவுண்ட்ஸில் ஒவ்வொன்றுக்கும் பிக்சல் கணக்கு எழுதினேன். என் கணினியில் அழகாகத்தான் இருந்தது. எழுத்தளவைப் பெரிதாக வைத்திருந்த ஒருவர் திறந்தபோது லேபிள்கள் பாதியில் வெட்டுப்பட்டன. அப்புறம் பட்டன்களின் பெயரைத் தமிழாக்கினோம். ‘சேவ்’ இருந்த அகலத்தில் ‘சேமிக்கவும்’ எப்படி நுழையும்? மூன்று புள்ளிதான் மிச்சம்.

* * *

உங்களுக்குப் பட்டன் போயிற்று, எனக்கு டெக்ஸ்ட் ஃபீல்டு, அதாவது எழுத்தை உள்ளிடும் பெட்டி.

கட்டங்களாகப் பிரித்து அடுக்கும் கிரிட்பேக்லேஅவுட்டில் ஒரு விண்ணப்பப் படிவம் செய்தேன். இடப்பக்கம் லேபிள், வலப்பக்கம் ஃபீல்டு, ஒவ்வொன்றும் இருபது எழுத்து அகலம். நன்றாகவே திறந்தது. விண்டோவின் ஓரத்தைப் பிடித்து ஒரு நூலளவு உள்ளே தள்ளியதும் அத்தனை ஃபீல்டும் ஒரே நேரத்தில் சுருங்கி, ஒற்றை எழுத்துகூட நுழையாத கீற்றாகிவிட்டன. மெதுவாகக் குறைந்தாலாவது காரணம் பிடிபட்டிருக்கும். இது கதவைச் சாத்தியது மாதிரி சட்டென்று நடந்தது.

செட்சைஸ் போட்டேன், அசையவில்லை. அசையாது, அளவை முடிவு செய்வது லேஅவுட் மேனேஜர், நாம் வைக்கும் சைஸை அது அடுத்த முறை அடுக்கும்போது அழித்துவிடும். உண்மைக் காரணம் வேறு. எல்லாவற்றுக்கும் விரும்பிய அளவு கொடுக்க இடம் போதவில்லை என்றால், கிரிட்பேக்லேஅவுட் பற்றாக்குறையைப் பங்கிட்டுக் குறைப்பதில்லை. மொத்தமாகக் குறைந்தபட்ச அளவுக்குத் தாவிவிடும். டெக்ஸ்ட் ஃபீல்டின் குறைந்தபட்ச அகலமோ சில பிக்சல்தான்.

ஃபீல்டு இருக்கும் நெடுவரிசைக்கு வெயிட்எக்ஸ் 1.0, ஃபில்லை ஹாரிசான்டல் (அகலவாக்கில் நிரப்பு) என்று வைத்தேன், சரியானது. மீதமுள்ள இடம் அந்த வெயிட் கணக்கில்தான் பிரித்துத் தரப்படுகிறது. அதன் இயல்பு மதிப்பு பூஜ்யம். படிவம் முழுவதும் நடுவில் குவிந்துகொண்டு சுற்றிலும் வெறும் இடமாக இருந்தால் அங்கேயும் இதுதான் விஷயம். எனக்கு இன்றுவரை கிரிட்பேக் பிடிக்காது, ஆனால் அதன் மேல் தப்பில்லை.

* * *

ஃப்ளோலேஅவுட்டைச் சமர்த்து என்று சொன்னதால் ஒரு வரி. பத்துப் பன்னிரண்டு பட்டன்களை அதில் அடுக்கி, அந்தப் பேனலை போர்டர்லேஅவுட்டின் வடக்கில் வைத்துப் பாருங்கள். விண்டோ குறுகினால் மிஞ்சும் பட்டன்கள் அடுத்த வரிக்கு இறங்கும். ஆனால் பேனல் கேட்பது ஒரு வரிக்கான உயரம் மட்டுமே. இரண்டாவது வரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

* * *

நான் பைத்தான் பக்கம். அதன் விண்டோ தொகுப்பான டிகின்டரில் ஒரே ஃபிரேமுக்குள் சிலவற்றை பேக் மேனேஜரிலும் சிலவற்றை கிரிட் மேனேஜரிலும் வைத்தேன். விண்டோ வரவே இல்லை. நிரல் அப்படியே தொங்கி நின்றது. இரண்டு மேனேஜரும் ‘என் கணக்குதான் சரி’ என்று ஃபிரேமின் அளவை மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டே இருந்திருக்கின்றன. பின்னால் வந்த பதிப்புகள் பிழை காட்டி நின்றுவிடுகின்றன, புண்ணியம். ஃபிரேமுக்குள் இன்னொரு ஃபிரேம் வைத்து ஆளுக்கொரு மேனேஜர் கொடுத்தால் சண்டை இல்லை.

* * *

தொடங்கியவன்தான் மறுபடி. பிக்சல் கணக்கையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, நடுவில் ஃபீல்டுகளுக்கு ஒரு பேனல், தெற்கில் பட்டன்களுக்கு ஒரு பேனல், கடைசியில் விண்டோவை உள்ளே இருப்பவற்றுக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவரும் ஸ்விங்கின் பேக் அழைப்பு என்று மாற்றி எழுதினேன். எழுத்தளவு, தமிழ்ப் பெயர் இரண்டும் தீர்ந்தன.

‘வரிசை சேர்’ பட்டனை மட்டும் கவனிக்கவில்லை. திரையில் வந்துவிட்ட பேனலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் மறுபடி அடுக்கச் சொல்லும் ரீவேலிடேட்டை அழைக்க வேண்டும், நான் அழைக்கவில்லை. பல வாரம் யாரும் புகார் சொல்லவில்லையே என்று போய்ப் பார்த்தேன். பயன்படுத்துகிறவர் பக்கத்தில் இருந்தவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்: “பட்டனை அழுத்திட்டு விண்டோவை லேசா இழுத்து விடுங்க, வந்துடும்.”