உகாண்டா 9 நாள்: கொரில்லா, சிம்பன்சி, ஷூபில் எந்த வரிசையில்?

கேள்வி: ஜூலையில் சென்னையிலிருந்து என்டெபே போகிறோம், நாலு பேர். கிபாலே சிம்பன்சி, குயின் எலிசபெத் பூங்கா, ப்விண்டி கொரில்லா, கூடவே ஷூபில் பறவை. எதை முதலில் முடிவு செய்யணும்?

பதில் 1: முதலில் பெர்மிட் (விலங்கைப் பார்க்கப் போகும் அனுமதிச்சீட்டு) வாங்கிவிட்டு லாட்ஜ் போடுங்க. ப்விண்டியில் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ந்குரிங்கோ என நாலு பகுதி. கொரில்லா பெர்மிட் ஒரு பகுதிக்குத்தான். ருஷாகா பெர்மிட்டோடு புஹோமாவில் தங்கினால் மலைப்பாதையில் பல மணி நேரம் போகும், காலை விளக்கக் கூட்டம் தவறிவிடும். பலர் தப்பு செய்வது இங்கேதான். கொரில்லா 800 டாலர், சிம்பன்சி 250 (2024 ஜூலை முதல்). கொரில்லா பார்க்க ஒரு குழுவுக்கு 8 பேர், ஒரு மணி நேரம். 15 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை. சளி, காய்ச்சல் இருந்தால் விடமாட்டார்கள். நம் கிருமி கொரில்லாவைக் கொன்றுவிடலாம்.

பதில் 2: ஷூபிலை முதல் நாளே வையுங்க. என்டெபே பக்கத்து மபாம்பா சதுப்பில் விடிகாலைப் படகு. நாணல் நடுவே சிலைபோல நிற்கும். நுரையீரல் மீன் மூச்சுவிட மேலே வந்ததும் மொத்த உடம்போடு அதன்மேல் விழும். உறவில் கூழைக்கடாவுக்கு நெருக்கம். பிறகு கிபாலே, குயின் எலிசபெத் பூங்காவில் கஜிங்கா கால்வாய்ப் படகு, அதே பூங்காவின் இஷாஷா பகுதியில் அத்திமரம் ஏறும் சிங்கம், கடைசியில் ப்விண்டி. இஷாஷா வழியாகப் போனால் புஹோமா பெர்மிட்தான் வசதி.

பதில் 3: கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்க, எறும்புப்படை ஏறும். காஞ்சொறிக்குத் தடித்த கையுறை. ஃபிளாஷ் கூடாது, காட்டு இருட்டுக்கு கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200 தயங்காமல் வையுங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி 10 நாள் முன்பே போடணும். சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.