பழைய உலோக கிளாரினெட், 35 டாலருக்கு வாங்கினேன். சரிசெய்ய முடியுமா?

வூஸ்டர்வாசி
வணக்கம் நண்பர்களே. நான் இருப்பது மாசசூசெட்ஸில், வூஸ்டர் பக்கம். போன மாதம் பிரிம்ஃபீல்டு பழம்பொருள் சந்தைக்குப் போனபோது ஒரு மேசைக்கு அடியில் கறுத்துப்போன கிளாரினெட் ஒன்று பெட்டியோடு கிடந்தது. மரம் இல்லை, முழுக்க உலோகம். அடியில் விரிந்திருக்கும் பெல் பகுதியில் ‘சில்வா-பெட்’ என்றும் பாஸ்டன் என்றும் பொறித்திருக்கிறது. 45 டாலர் சொன்னார், பேசி 35க்கு எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் விரலால் அழுத்தும் சாவிகளுக்கு அடியில் துளையை மூடும் மெத்தை, அதாவது பேட் எல்லாம் பூச்சி அரித்துப்போய், தொட்டதும் தவிடு மாதிரி உதிர்கிறது. இரண்டு சாவி அசையவே இல்லை. பக்கத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன், கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் “இதில் மேசை விளக்குதான் செய்யலாம்” என்று சொல்லிவிட்டார். எனக்கு மனசே கேட்கவில்லை. மகள் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து ஒரு பாட்டாவது கேட்க வேண்டும். வீட்டிலேயே செய்ய முடியுமா? முதலில் பாலிஷ் போட்டுவிடலாமா?

ஈயப்பற்று
தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். அதை அப்படியே வைத்துவிட்டு முதலில் இரண்டு விஷயம் பாருங்கள்.

பின்பக்கம் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் எல்.பி. அல்லது எச்.பி. என்று எழுத்து குத்தியிருக்கிறதா? எல்.பி. (லோ பிட்ச்) என்றால் இன்றைய சுருதி, அதாவது ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். எச்.பி. (ஹை பிட்ச்) என்றால் அந்தக் காலத்து உயர் சுருதி, ஏ 457 வரை போகும். கேட்க 17 தானே என்று தோன்றும், ஆனால் அது ஒரு அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மவுத்பீஸுக்குக் கீழே இருக்கும் பேரல் என்ற குட்டைக் குழாயை எவ்வளவு வெளியே இழுத்தாலும் சரிவராது, ஏனென்றால் துளைகள் எல்லாமே நெருக்கமாகப் போட்டிருப்பார்கள். அதைச் சரிசெய்தாலும் மகளால் பேண்டில் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க முடியாது. எழுத்து எதுவும் இல்லையென்றால் டேப் வைத்து அளந்து பாருங்கள். பி ஃப்ளாட் கிளாரினெட் மவுத்பீஸ் இல்லாமல் 60 செ.மீ. ஒட்டி இருக்க வேண்டும். நன்றாகக் குட்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது வலது கைச் சுண்டுவிரல். அங்கே நான்கு சாவி இருந்தால் போம் முறை, மகள் பள்ளியில் பழகுவது அதுதான். இரண்டே இருந்தால் ஆல்பர்ட் முறை, விரல் வைப்பே வேறு.

கடைக்காரர் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. 1920, 30களில் அமெரிக்கப் பள்ளி பேண்டுகளுக்காக இதை ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். மழையிலும் வெயிலிலும் மரம் வெடிக்கும், உலோகத்துக்கு அந்தப் பயம் இல்லை. அப்புறம் பிளாஸ்டிக் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மலிவாகச் செய்ததைக் கேட்டவர்கள் உலோக கிளாரினெட்டே மட்டம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உங்களுடையது கண்டி-பெட்டனி நிறுவனத்தின் நல்ல வரிசை. நியூ ஆர்லியன்ஸின் ஜார்ஜ் லூயிஸ் உலோக கிளாரினெட்டில்தான் 1940களில் அப்படி வாசித்தார். விளக்குக்காக எத்தனையோ நல்ல உடல்களில் ஓட்டை போட்டுவிட்டார்கள், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வயிறு எரிகிறது.

வூஸ்டர்வாசி
எல்.பி. என்று இருக்கிறது! சுண்டுவிரலுக்கு நான்கு சாவி. ரொம்ப நன்றி. ஆனால் பாலிஷ் ஏன் கூடாது? அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீரில் முக்கினால் கறுப்பு போய்விடும் என்று படித்தேனே.

கீழ்ஸ்தாயி
வெள்ளிக் கரண்டிக்கு அது சரி, கறுப்பும் போகும். ஆனால் இதில் சாவியைக் கழற்றினாலும் ஊசி ஸ்பிரிங்குகள் உடலில் சாவிகளைத் தாங்கும் தூண்களிலேயே நிற்கும். அவை இரும்பு. முக்கி எடுத்த பிறகு தூணுக்குள் ஈரம் தங்கி, துரு பிடித்து, கொஞ்ச நாளில் ஒவ்வொன்றாக ஒடியும். நான் முதல் கருவியில் அப்படி நான்கை இழந்தேன், ஒடிந்த துண்டைத் தூணிலிருந்து வெளியே தள்ளுவது பெரிய அவஸ்தை. களிம்பு போட்டுத் தேய்த்தாலோ முலாம் போய் உள்ளே இருக்கும் நிக்கல் சில்வர் என்ற செம்புக் கலவை மஞ்சளாகத் தலை காட்டும். வெள்ளி துடைக்கும் துணியை நாடா மாதிரி வெட்டி, ஸ்பிரிங்கில் மாட்டாமல் மெதுவாக இழுத்துத் துடையுங்கள், அது போதும்.

அசையாத சாவிகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரண்டு நாள் சும்மா விடுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனை திருகின் வெட்டில் ஆடாமல் உட்கார வேண்டும். வெட்டு சிதைந்தால் அப்புறம் கஷ்டம்.

பேட் மொத்தம் 17. கடையில் செட்டாகக் கிடைக்கும், ஆனால் பேட் உட்காரும் ஒவ்வொரு கிண்ணத்தையும் வெர்னியர் அளவுகோலால் அளந்துவிட்டு வாங்குங்கள். ஒட்டுவதற்கு அரக்கு. ஒட்டும்போது சாவியைக் கழற்றி தனியாகச் சூடு காட்டுங்கள், நெருப்பை உடல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தூண்களையும் துளை விளிம்புகளையும் பிடித்திருப்பது ஈயப்பற்று, 183 டிகிரி செல்சியஸிலேயே இளகும் வகை உண்டு. மேல் ஸ்தாயிக்குத் தாவ உதவும் ரெஜிஸ்டர் சாவிக்கு மட்டும் பேட்டுக்குப் பதில் கார்க் வையுங்கள். அதன் குழாயில் பழைய எச்சில் அழுக்கு அடைத்திருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள்.

வூஸ்டர்வாசி
மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். சாவி இரண்டும் கழன்றன, ஒன்றுக்கு ஐந்து நாள் எண்ணெய் தேவைப்பட்டது. பேட் மாற்றி முடித்தேன். மகள் ஊதினாள், மேல் பாதி அழகாக வருகிறது, கீழே போகப் போகக் காற்றுதான் வருகிறது.

ஈயப்பற்று
அறையை இருட்டாக்கி, மெல்லிய எல்.இ.டி. சரத்தை உள்ளே இறக்கி, சாவிகளை லேசாக மூடிப் பாருங்கள். அழுத்தி மூடாதீர்கள், அழுத்தினால் எந்தப் பேட்டும் மூடும்.

வூஸ்டர்வாசி
பார்த்தோம் அண்ணா. கீழிருந்து இரண்டாவது பேட்டில், பின்பக்கமாக, நகத்துண்டு அளவுக்கு வெளிச்சம் தெரிகிறது. மகள்தான் முதலில் கண்டாள். கிண்ணத்தைச் சூடாக்கி மறுபடி உட்கார வைக்கப் போகிறோம்.