தோழியை கம்பாலாவுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் (கோத்தகிரி)

பனிக்காடு:
தெரிஞ்ச பொண்ணுங்க ரெண்டு பேர், 26, 24 வயசு. காதலிக்கிறாங்க, சேர்ந்து வாழணும்னு இருக்காங்க. சின்னவ வீட்ல தெரிஞ்சுபோச்சு. உகாண்டா தலைநகர் கம்பாலால கடை வச்சிருக்கிற தாய்மாமாகிட்ட அனுப்பிடலாம்னு பேச்சு. வீட்டை விட்டு வந்தா 'காணவில்லை'ன்னு புகார் குடுத்து போலீஸ் இழுத்துட்டுப் போயிடுமா?

சீகைமரம்:
புகார் வரத்தான் செய்யும், முந்திக்கோங்க. கிளம்புற அன்னைக்கே ஊட்டி எஸ்.பி. ஆபீசுக்கும் உள்ளூர் ஸ்டேஷனுக்கும் ஒரு கடிதம்: "எனக்கு 24 வயது, என் விருப்பப்படி வெளியேறுகிறேன், யாரும் கடத்தவில்லை." கையெழுத்து, தேதி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகல். ஒப்புதல் அட்டையோட ஸ்பீடு போஸ்ட். வயசு வந்த ரெண்டு பேர் சம்மதத்தோட இருக்காங்கன்னு தெரிஞ்சா, வாக்குமூலம் வாங்கிட்டுத் தொந்தரவு செய்யாம புகாரை முடிக்கணும்னு 2021 ஜூன்ல சுஷ்மா வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. உத்தரவை பிரிண்ட் எடுத்துக் கையில வைங்க, ஸ்டேஷன்ல தெரிஞ்சிருக்கும்னு நம்பாதீங்க.

வழக்கமா கவிழ்றது நகையிலதான். தோடு, சங்கிலி எல்லாத்தையும் கழட்டி மேசையில பரப்பி, போட்டோ எடுத்துட்டுக் கிளம்பச் சொல்லுங்க. இல்லேன்னா அடுத்து திருட்டுப் புகார். பேங்க் கணக்குல அப்பா நம்பர் இருந்தா மாத்தணும், ஏடிஎம்ல காசு எடுத்ததும் அவருக்கு எஸ்எம்எஸ் போயிடும்.

கேத்திக்காரன்:
கம்பாலா வேண்டவே வேண்டாம். உகாண்டாவின் 2023 சட்டப்படி ஒரே பாலின உறவுக்கு ஆயுள் தண்டனை, சிலவற்றுக்கு மரண தண்டனையே உண்டு. தெரிந்தும் போலீஸில் சொல்லாதது குற்றம், வீடு வாடகைக்கு விடுவது குற்றம் என்ற பிரிவுகளை 2024 ஏப்ரலில் அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கியது. மற்றவை பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. ஏர்போர்ட் வரை இழுத்துப் போனாலும், வழியனுப்ப வந்தவர்கள் இமிகிரேஷன் கவுண்டருக்கு வர முடியாது. விருப்பமில்லாமல் அனுப்புகிறார்கள் என்று அங்கே சொல்லட்டும்.

பனிக்காடு:
வீட்லயே பூட்டி வச்சுட்டா?

சீகைமரம்:
ஆட்கொணர்வு மனு, அதாவது அடைச்சு வச்சவங்களைக் கோர்ட்ல ஆஜர்படுத்தச் சொல்லிக் கேட்கிற மனு. பெரியவளே போடலாம். 2025 மே மாசம் இப்படித் தோழி போட்ட மனுவுலதான், பெத்தவங்க அடைச்சு வச்சிருந்த பெண்ணை உயர் நீதிமன்றம் விடுவிச்சது. கோத்தகிரிங்கிறதால சென்னைல போடணும், கொடைக்கானலா இருந்தா மதுரைக் கிளை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம வக்கீல் இலவசம், 15100க்குப் போன் போடுங்க. 'பொண்ணு மேல வர்ற ஈர்ப்பை மாத்துறேன்'னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, அது தொழில் ஒழுக்கக்கேடுன்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022லயே சொல்லியாச்சு.

கேத்திக்காரன்:
கல்யாணப் பதிவுக்கு அலைய வேண்டாம், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. கூட்டு வங்கிக் கணக்கு திறக்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம். 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்திய அறிக்கையைக் கொண்டுபோங்கள், மேனேஜர் கேட்பார்.