புதுப்பிப்பு: கார்ட்டோகிராபர்ஸ் ஆட்டத்தில் அரக்கர்களைச் சமாளிப்பது

ராணிக்காக நாட்டு வரைபடம் வரையும் அந்தப் பென்சில் ஆட்டத்தில், அரக்கர் அட்டை வந்தாலே புள்ளி சரிகிறது, வழி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். அரக்கனைச் சுற்றி வரைந்து அடைத்துவிடுங்கள் என்று நீங்கள் சொன்னபடி கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா, சித்தப்பாவோடு ஆடினேன். பலித்தது!

அரக்கனை நம் தாளில் பக்கத்தில் இருப்பவர்தான் வரைவார். சித்தப்பா இரக்கமே பார்க்கவில்லை, நட்டநடு வெளியில் வரைந்துவிட்டார். அவனை ஒட்டிய ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் பருவ (ஆட்டச் சுற்று) முடிவில் 1 புள்ளி போகும், அடைக்காவிட்டால் அடுத்த பருவத்திலும் போகும். அதனால் அடுத்து வந்த காடு, வயல் எல்லாவற்றையும் அவனைச் சுற்றியே வரைந்தேன். கோடைக்குள் நஷ்டம் நின்றது.

இன்னொன்று: முதல் ஆணைக்கு (எதை எப்படி வரைந்தால் புள்ளி என்று சொல்லும் ராணியின் கட்டளை) முதல் பருவமான வசந்தத்தில் மட்டுமல்ல, கடைசிப் பருவமான குளிர்காலத்திலும் புள்ளி உண்டு. அக்கா அதை விடாமல் வளர்த்துத்தான் ஜெயித்தார். மலையை நாலு பக்கமும் அடைத்தால் ஒரு காசு கிடைக்கும், காசுக்கும் புள்ளி உண்டு, அதையும் விடாதீர்கள்.