புதுப்பிப்பு: வால் சக்கர நடுக்கம் தீர்ந்தது

நான் கட்டிய இரண்டு இருக்கை விமானம் தரையிறங்கி வேகம் குறையும்போது வால் சக்கரம் படபடவென்று ஆடுகிறது, ரடர் பெடல் (விமானத்தை இடவலமாகத் திருப்பும் கால்மிதி) வரை அதிர்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். டயரை மாற்றியும் பலனில்லை. காரணம் லீஃப் ஸ்பிரிங், அதாவது வால் சக்கரத்தைத் தாங்கும் வளைந்த பட்டை வில்.

முதலில் வெறும் விமானத்தில்தான் அளந்தேன். கிங்பின், அதாவது வால் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சு, நேராகவே தெரிந்தது. அங்கேதான் ஏமாந்தேன். அப்புறம் டேங்கை நிரப்பி, இருவரை உட்காரவைத்து, பக்கத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். கிங்பின்னின் மேல்முனை நன்றாக முன்பக்கம் சாய்ந்திருந்தது. ஸ்பிரிங் வளைவு இழந்து தட்டையானால் இப்படித்தான் ஆகும். சக்கரமும் நடுங்கத் தொடங்கும். முழு எடையிலும் மேல்முனை செங்குத்தாகவோ சற்றுப் பின்சாய்ந்தோ இருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கை மாற்றினேன். கழற்றியபோது உராய்வு வளையங்களில் கிரீஸ் வழவழவென்று படிந்திருந்தது. ஆட்டத்தை அடக்க அங்கே உராய்வு தேவை, அதனால் சுத்தமாகத் துடைத்தேன். பேரிங்குக்கு மட்டும் புது கிரீஸ். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் போல்ட்டும் தேய்ந்திருந்தது, அதுவும் புதிது.

இதுவரை பன்னிரண்டு முறை இறங்கிவிட்டேன், இரண்டு முறை பக்கக்காற்றில். பெடலில் துளி அதிர்வில்லை. யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.