நெல்லு அறுத்த பெண்டாங்கில (வயல்ல) மாட்டுக்கு புல்லு போட்டா உரம் எப்படி போடறது?

பகான்செராய்_பால்காரன்
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு மலேசியாவுல பகான் செராய், முன்ன தோட்டத்து லயத்துல இருந்தவங்க, இப்ப டவுனுக்கு வந்தாச்சு ஆனா மாட்ட மட்டும் விட மனசு வரல. ரோட்டோரம் புல்லறுத்து கட்டுப்படி ஆகல, இப்ப அங்கயும் மருந்தடிச்சு வச்சிடறாங்க. கம்போங்ல தெரிஞ்ச பாக்சிக் (மலாய் பெரியவரு) ஒருத்தருக்கு ரெண்டு ரெலோங், அதாவது அரை ஹெக்டருக்கு கொஞ்சம் மேல, பெண்டாங் இருக்கு, அறுவடை முடிஞ்சி அடுத்த மூசிமுக்கு (போகத்துக்கு) தண்ணி விடற வரைக்கும் சும்மாதானே கெடக்கு, என்ன வேணா போட்டுக்கோன்னு சொல்லிட்டாரு. வீடியோவுல பாத்தேன், ஜப்பான் கொரியாவுல எல்லாம் நெல்லு அறுத்ததும் அதே வயல்ல இத்தாலியன் ரைகிராஸ்னு ஒரு புல்ல வெதைச்சி குளிர்காலம் பூரா வளத்து அறுத்துட்டு திரும்ப நெல்லு நடறாங்க. வெதை ஆன்லைன்ல கெடைக்குது. இங்க வருமா, வந்தா உரம் என்ன கணக்கு? பாக்சிக் கிட்ட நெல்லு உரம் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதையே போடலாமா?

மண்டோர்_தாத்தா
தம்பி வெதைக்கு காச அனுப்பிடாதீங்க. அது குளிர் நாட்டு புல்லு, 20 டிகிரி பக்கம் இருந்தாதான் குஷியா வளரும், நம்ம வெயிலுக்கு மொளைச்சாலும் காஞ்சி போயிடும். கேமரன் மலையில வேணா பாக்கலாம், அங்க பெண்டாங் ஏது. அப்புறம் அந்த நெல்லு உரம் அரசாங்க உதவியில வந்ததுன்னா தொடாதீங்க, நெல்லுக்குன்னு குடுத்தத புல்லுக்கு போட்டா நாளைக்கு பாக்சிக்குத்தான் பிரச்சன.

மியாசாக்கி_ரிட்டன்
தாத்தா சொன்னது சரி. நான் கிழக்கை நோக்கும் கொள்கையில ஜப்பான் போய் படிச்சவன், கியூஷூ பக்கம் இந்த ரைகிராஸ் வயல தினம் பாத்திருக்கேன். அக்டோபர் வாக்குல வெதைப்பாங்க, ஏப்ரல்ல மொத அறுப்பு, மே மாசம் இன்னொன்னு, ஜூன்ல நெல்லு நடவு. அங்க அவ்ளோ மாசம் இடைவெளி இருக்கு, நமக்கு ரெண்டு போகம், நடுவுல ரெண்டு மாசம் கெடைச்சா பெருசு. அதனால புல்ல காப்பியடிக்க முடியாது, உரம் போடற புத்திய காப்பியடிக்கலாம்.

மொத விஷயம் பாஸ்பரஸ். நெல்லுக்கு தண்ணி கட்டி வச்சிருக்கறப்ப மண்ணுல உள்ள இரும்பு எளகி பாஸ்பரஸ விட்டுடும், வேருக்கு தாராளமா கெடைக்கும். தண்ணிய வடிச்சி மண்ணு காஞ்சதும் அதே இரும்பு அத புடிச்சி வச்சுக்கும். அதான் நெல்லு நல்லா வந்த வயல்ல பின்னாடி போட்ட பயிரு ஊதா கலர்ல குட்டையா நிக்கறது. பாஸ்பரஸ் செலவு பண்றதா இருந்தா காஞ்ச பயிருக்கு வெதைக்கறப்பவே போடுங்க, மிச்சத்த அடுத்த நெல்லு எடுத்துக்கும். செம்பனைக்கு போடற கிறிஸ்மஸ் தீவு பாஸ்பேட் இதுக்கு சரிவராது, அது மெதுவா கரையும், ரெண்டு மாச பயிருக்கு சீக்கிரம் கரையற டிஎஸ்பி (டிரிபிள் சூப்பர் பாஸ்பேட்) உரம்தான்.

ரெண்டாவது, நெல்லுல நாம மணிய மட்டும்தான் கொண்டு போறோம், வைக்கோல வயல்லயே விட்டா பொட்டாசியம் பெரும்பாலும் அங்கயே இருக்கும். புல்லுல அப்படி இல்ல, முழுசா அறுத்து லோரில ஏத்திடறோம். உலர் எடையில 2லேர்ந்து 3 சதம் பொட்டாசியம், அதாவது ஒரு ஹெக்டர்ல 5 டன் உலர் புல்லு எடுத்தா 100 கிலோவுக்கு மேல போச்சு, அத எம்ஓபியா (பொட்டாஷ் உரமா) திருப்பி போடணும்னா 50 கிலோ மூட்டையில நாலுலேர்ந்து ஆறு. ஜப்பான்காரன் அதுக்குத்தான் மாட்டு எருவ வயலுக்கே கொண்டு வந்து கொட்டறான். மாடு தின்ன பொட்டாசியம் பெரும்பாலும் மூத்திரத்துல வெளிய வருது, நம்ம ஆளுங்க கொட்டாய கழுவி நேரா லோங்கான்ல (சாக்கடையில) விட்டுடறாங்க. காசு ஓடுது லா அதுல.

ஆனா எம்ஓபியும் யூரியாவும் அளவுக்கு மீறி போனா மாட்டுக்கு மெக்னீசியம் உடம்புல சேராது, இளசான புல்லு தின்ன பால் மாடு திடீர்னு வலிப்பு வந்து விழும். குளிர் நாட்டுல இது பெரிய தலவலி.

பகான்செராய்_பால்காரன்
ரொம்ப நன்றி ண்ணே. அப்ப ரைகிராஸ் வேணாம், வேற என்ன போடலாம்? யூரியா எவ்ளோ?

பாரிட்புந்தார்_அக்கா
நாங்க போடறது சோளப்புல்லு, சோர்கம் சூடான் கலப்பு, ரெண்டு மாசத்துக்குள்ள அறுத்துடலாம். நேப்பியர் போடாதீங்க, அது வருஷக்கணக்கா நிக்கற புல்லு, நெல்லுக்கு நெலத்த திருப்பி குடுக்கறப்ப கட்டைய தோண்டி எடுக்கவே உசுரு போயிடும், வரப்போரம் ஒரு வரிசை வேணா ஊனுங்க. மொதல்ல சுத்தி வாய்க்கால் வெட்டி தண்ணிய வடிங்க, சேத்துல நிக்கற சோளத்துக்கு எந்த உரம் போட்டும் பிரயோஜனம் இல்ல.

யூரியா ஹெக்டருக்கு 100 கிலோ பக்கம், ரெலோங்குக்கு 30 கிலோவுக்கு கொஞ்சம் கம்மியா வரும். ஒரே தடவ கொட்டாதீங்க, மூணாவது வாரம் பாதி, முட்டிக்கு மேல வந்ததும் பாதி. மண்ணு ஈரமா இருக்கணும், மழை வர்ற சாயங்காலமா பாத்து போடுங்க, காஞ்ச மண்ணுல உச்சி வெயில்ல போட்டா ஆவியா போயிடும். எரு நெறைய போட்டிருந்தா யூரியாவ கொறைங்க. யூரியா போட்ட சூட்டுல அறுக்காதீங்க, புல்லுல நைட்ரேட் ஏறி இருக்கும், மாட்டுக்கு ஆகாது, மூணு வாரமாவது விடுங்க. முட்டி ஒசரத்துக்கு கீழ உள்ள இளங்குருத்தும், அறுத்த கட்டையில துளிர்க்கறதும் மாட்டுக்கு வெஷம், அந்த பக்கம் அவுத்து விட்றாதீங்க.

மியாசாக்கி_ரிட்டன்
அக்கா சொன்னதோட ஒன்னு. கடைசி அறுப்பு நெருங்கறப்ப யூரியா போடாதீங்க. மண்ணுல மிச்சம் நிக்கற நைட்ரேட்டு, புக்கிட் மேரா ஏரி தண்ணி வயல்ல ஏறின கொஞ்ச நாள்லயே காத்தா போயிடும், நெல்லுக்கு ஒன்னும் கெடைக்காது. கட்டையையும் தண்ணி விடறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி உழுது மடக்கிடணும். பச்சையா மடக்கி ஒடனே தண்ணி கட்டினா அது அழுகறப்ப நைட்ரஜன இழுத்துக்கும், பாக்சிக் நாத்து மஞ்சளா நிக்கும், அடுத்த மூசிம் நெலம் குடுக்க மாட்டாரு. தண்ணி விடற தேதிய மொதல்ல கேட்டுட்டு அதுலேர்ந்து பின்னாடி எண்ணி வெதைங்க.

மண்டோர்_தாத்தா
தேதி ஒத்து வரலன்னா வைக்கோலயே எடுத்துக்கோ தம்பி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவ தண்ணியில நல்லா கரைச்சி தெளிச்சி, பிளாஸ்டிக் போட்டு காத்து போகாம மூடி மூணு வாரம் வை. தொறந்து ஒரு நாள் ஆற விட்டு கொஞ்சம் கொஞ்சமா பழக்கு. கன்னுக்குட்டிக்கு குடுக்காத.